முப்பதுக்கு மேல் எடுப்பதில்லை

ஜனவரி 6, திங்கள்

பாங்கில் கொடுத்த டைரி. வருடா வருடம் வாங்குவேன், மில்லில் எண்ணெய் துடைக்கக் கிழிப்பேன். இந்த வருடம் எழுதப் போகிறேன். எங்காவது கத்தியாக வேண்டும். வாய்விட்டுக் கத்தினால் மாடியில் இருக்கும் தம்பிக்குக் கேட்கும்.

இன்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான், அண்ணன் குணசீலன், தம்பி மதியழகன், தம்பி மனைவி நித்திலா. தம்பிக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யாமல் போய் ஒரு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். முப்பத்தெட்டு வயது. பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன், இப்போது இரண்டு பக்கம் எழுதினால் மூச்சு வாங்குகிறது. யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் பிழைத்துக்கொள்வான். நித்திலாவின் ரத்த வகை சேரவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் சேர்கிறது. நான் தருகிறேன் என்று முதலில் சொன்னவள் நான்தான்.

மாற்று அறுவைக்கான வேலைகளைக் கவனிக்கிற பெண்ணின் பெயர் ரெபேக்கா. என்னை எடை எந்திரத்தில் நிறுத்தினார். எழுபத்தெட்டு. சுவரில் ஒட்டி நிறுத்தினார். நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர். கால்குலேட்டரைத் தட்டினார்.

"பி.எம்.ஐ. முப்பத்திரண்டு வருதுங்க. முப்பதுக்கு மேல நாங்க எடுக்கிறதில்ல."

"அப்படின்னா என்ன?"

"எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுக்கிறது. உங்க உயரத்துக்கு எடை ஜாஸ்தி."

"ரத்தம் எடுத்துப் பாக்கலியே?"

"இதத் தாண்டினாத்தாங்க அதெல்லாம்."

இரண்டு நிமிடம். அதற்கு முன்னால் வராந்தாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து அண்ணன். அறுபத்திரண்டு கிலோ, நூற்று எழுபது சென்டிமீட்டர். "இருபத்தொண்ணரை. கரெக்டா இருக்கு சார்" என்றார் ரெபேக்கா. நித்திலா அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணன் குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன். இறங்கும்போது அது எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 8, புதன்

மிளகாய் அரைக்கும் நாள். காலையிலிருந்து பதினோரு மூட்டை இறக்கினேன், தனியாக. ஒவ்வொன்றையும் தூக்கும்போது "முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு" என்று எண்ணிக்கொண்டே தூக்கினேன். இருபது வருடமாக இந்த மாவு மில்லை நடத்துகிறேன். கோதுமை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு படி ஏறுவேன். அப்பா பூங்கொடி என்று பெயர் வைத்தார், ஊர் அதைச் சொல்லிச் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், ஏனென்றால் அந்த ஊர்தான் மூட்டை இறக்க ஆள் வராத நாளில் என்னைக் கூப்பிட்டது.

சீயக்காய் அரைக்க வந்த அம்மா ஒருத்தி, "உனக்குக் குடுத்து வைக்கல தாயி, வெயிட்டு அப்படி" என்றாள். அவளுடைய சீயக்காயை ஒரு முறை கூடுதலாக ஓட்டி, பொடி பறக்க விட்டேன். தும்மிக்கொண்டே போனாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். டயாலிசிஸுக்குப் பொங்கல் கிடையாது. தம்பியைக் காலை ஆறு மணிக்குக் கூட்டிப்போனேன்.

போகும்போது அறுபத்தாறு கிலோ. நான்கு மணி நேரம் கழித்து அறுபத்திரண்டரை. மூன்றரைக் கிலோ தண்ணீர். அங்கே சார்ட்டில் அவனுக்கும் பி.எம்.ஐ. எழுதியிருந்தது. போகும்போதும் அவன் "நார்மல்", வரும்போதும் அவன் "நார்மல்". கை இரண்டும் குச்சி, கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, ஆனால் நார்மல்.

கரும்பு அவனுக்கு ஆகாது. அதனால் வீட்டில் யாருக்கும் இல்லை என்று முடிவு செய்தேன். அண்ணன் வீட்டிலிருந்து மதினி ஒரு கட்டு கொண்டுவந்தார். மாட்டுக்குப் போட்டேன். மதினிக்கு வருத்தம். இருக்கட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணன் இன்னும் மதுரைக்குப் போகவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு வரச்சொல்லி ரெபேக்கா இரண்டு தடவை போன் செய்துவிட்டார். முதல் வாரம் நூற்பாலையில் ஆடிட் என்றார். அவர் அங்கே மேற்பார்வையாளர். இந்த வாரம், போன மாதம் செருப்பு கடித்த குதிகால் புண் இன்னும் ஆறவில்லையாம், நடக்க முடியவில்லையாம். ஒரு மாதமாக ஆறாத புண் எங்காவது உண்டா? சாக்கு.

ஆள் இளைத்துப்போய் நன்றாகத்தான் இருக்கிறார். பேன்ட்டைப் பிடித்துத் தைத்திருக்கிறார் மதினி. தெருவில் எல்லாரும் "சார் ஸ்லிம்மாயிட்டாரு" என்கிறார்கள். வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் ஒரு செம்புத் தண்ணீரைக் காலி செய்தார்.

பயந்தாங்கொள்ளி என்று மனதில் சொன்னேன். ஒரு தடவை வாயிலும் வந்துவிட்டது. அவர் காலிச் செம்பை மதினியிடம் நீட்டினார்.

அண்ணன் தரவில்லை என்றால் நான் தருவேன். முப்பதுதானே வேண்டும்? என் உயரத்துக்கு எழுபத்து மூன்று கிலோ. கணக்கு எனக்கும் தெரியும்.

ஜனவரி 21, செவ்வாய்

எடை 76. காலையில் கடுங்காப்பி. மதியம் மோர். பசியே இல்லை.

ஜனவரி 23, வியாழன்

75.2. மோர், வெள்ளரிக்காய். தலைவலி மிளகாய் நெடியால்.

ஜனவரி 25, சனி

74.6. மில்லில் கால் வழுக்கியது. தரையில் மாவு இருந்தது, அவ்வளவுதான். மல்லி அரைக்க வந்தவர்கள் தண்ணீர் தெளித்து ஊரைக் கூட்டிவிட்டார்கள். பெல்ட்டுக்குப் பக்கத்தில் விழுந்தேன் என்று நித்திலாவிடம் யாரும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

சத்தியத்துக்கெல்லாம் இந்தத் தெருவில் மரியாதை இல்லை. நித்திலா வந்து என்னை பஜாரில் இருக்கும் டாக்டர் ஹசீனாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

எடை 73.9. நான் பெருமையாக நின்றேன். டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். கட்டிலில் உட்காரச் சொன்னார்.

"எத்தனை நாளா சாப்பிடல?"

"சாப்பிடுறேனே."

"அக்கா, நான் டாக்டர். உங்க தம்பி பொண்டாட்டி இல்ல."

சொன்னேன். கேட்டுக்கொண்டே ரத்த அழுத்தக் கருவியைச் சுருட்டி வைத்தார். பிறகு, "இந்த நாலு கிலோவுல கொழுப்பு எவ்வளவு போயிருக்கும்னு நினைக்கிறீங்க? பாதிக்கு மேல தண்ணி. கொஞ்சம் உங்க தோளும் தொடையும். மூட்டை தூக்குற உடம்பை நீங்களே தின்னுக்கிட்டிருக்கீங்க" என்றார்.

"முப்பது வரணுமே டாக்டர்."

"உங்க மில்லுல சல்லடை என்ன பண்ணும்?"

"பெருசை நிறுத்தும், சிறுசை விடும்."

"மேல நிக்கிறது கல்லா, உடையாத கோதுமையான்னு அதுக்குத் தெரியுமா?"

"அதுக்கெப்படித் தெரியும்? கையில எடுத்துப் பாக்கணும்."

"பி.எம்.ஐ. அவ்வளவுதான். ஆயிரம் பேரை வரிசையில நிறுத்தி யாரைக் கொஞ்சம் கூடுதலாப் பாக்கணும்னு சொல்றதுக்கு நல்ல சல்லடை. அது கொழுப்பையும் தசையையும் பிரிக்காது. கொழுப்பு எங்க இருக்குன்னும் சொல்லாது."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அப்போ அது பொய்யின்னு எழுதிக் குடுங்க" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பொய் இல்ல. உங்களுக்குத் தசை இருக்கு. வயித்திலயும் இருக்கு." டேப்பை எடுத்துத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினார். எண்பத்தொன்பது. "பொம்பளைங்களுக்கு எண்பதுக்குள்ள இருந்தா நல்லது. உங்க உயரத்துல பாதின்னு வச்சாக்கூட எழுபத்தெட்டு. இது எனக்குப் பிடிக்கல. இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வெளிநாட்டுல இருபத்தஞ்சு வரைக்கும் சரிங்கிறாங்க. நம்ம ஆளுகளுக்கு இருபத்து மூணு தாண்டினாலே கவனிக்கணும்."

"அப்ப நான் இன்னும் மோசமா?"

"சல்லடைக் கணக்குல ஆமா. ஆனா உங்களைக் கையில எடுத்து யாரும் பாக்கல. அது தப்பு. ரத்தம் எடுக்கிறேன்."

கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். "நம்ம ஊர்ல ஒல்லியா இருக்கிறவங்கதான் ஏமாந்து போறாங்க. கையும் காலும் குச்சியா இருக்கும், கொழுப்பெல்லாம் வயித்துக்குள்ள இருக்கும். சல்லடை அவங்களை ஒண்ணும் கேக்காம விட்டுரும்."

வீட்டுக்கு வந்து நித்திலா பொங்கிய சோற்றை நன்றாகத் தின்றேன். இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும்போது கை நின்றுவிட்டது. அண்ணனுடைய வயிறு ஞாபகம் வந்தது. அந்தச் செம்பும்.

ஜனவரி 28, செவ்வாய்

என் ரத்தம் வந்தது. சர்க்கரை இல்லை. உப்பு, கொழுப்பு, கிட்னி எல்லாம் சரி. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். பணப்பை வைக்கிற இடத்தில் இன்று அதுதான் இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

தையற்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிண்ணே."

"எதுக்கு?"

"இடுப்பை அளக்கணும்."

"என்ன கூத்து இது? நான் நார்மல்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"எனக்கும்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. எந்திரி."

அவருடைய சட்டையைத் தூக்கி டேப்பைச் சுற்றினேன். சின்ன வயதிலிருந்து நான் பிடித்தால் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தொண்ணூற்று நான்கு. என்னைவிட ஐந்து கூடுதல், அறுபத்திரண்டு கிலோ உடம்பில்!

"மதினி, இவரு பாத்ரூமுக்கு எத்தனை தடவை போறாரு?"

மதினி அடுப்படியிலிருந்து சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு வந்து நின்றார். "எண்ண முடியாது பூங்கொடி. கேட்டா எரிஞ்சு விழறாக."

"உள்ள போ சாந்தா" என்று கத்தினார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "நீ குடுக்க முடியலன்னு என் மேல பழி போட வந்துட்டியா?" என்றார்.

நான் அவர் காலைப் பிடித்துக் குதிகாலைத் திருப்பினேன். சாக்கு என்று நினைத்த புண் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, ஓரம் வெளுத்து, நடுவில் கறுத்து இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். "நாளைக்கு ஹசீனா டாக்டர்ட்ட வாரே. இல்லன்னா உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போவேன். நீ அறுபத்திரண்டுதான். எனக்கு அது ஒரு மூட்டை."

பிப்ரவரி 3, திங்கள்

சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்று மாதச் சராசரி என்று ஒரு கணக்கு, ஆறுக்குள் இருக்க வேண்டுமாம், அதுவும் பத்தைத் தாண்டிவிட்டது. இளைத்தது ஆரோக்கியம் இல்லையாம், சர்க்கரை உடம்பைக் கரைத்திருக்கிறது. புண்ணை டாக்டர் சுத்தம் செய்தார். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் காலைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும் என்றார். மாத்திரை, ஊசி, எல்லாம் இன்றே ஆரம்பம். சர்க்கரை உள்ளவர் கிட்னி கொடுக்கக் கூடாது. அதைச் சொன்னபோது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது கேட்டேன். "தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு."

"எப்பயிருந்து?"

"போன வருசம் எங்க நூல் மில்லுல கேம்ப் போட்டாங்க. ஒரு சொட்டு எடுத்தாங்க. நாளைக்கு வெறும் வயித்துல வாங்கன்னாங்க. நான் போகல."

"ஏன்?"

"அதுக்கு முந்தின வாரந்தான் மதிக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சாங்க. எனக்குச் சர்க்கரைன்னு எழுதிட்டா நான் எப்படிக் குடுக்கிறது? நம்மதான மூத்தவன்." மூக்கைத் துடைத்தார். "ஒருத்தர் ஒரு பொடி குடுத்தாரு. மூணு மாசம் தின்னா இறங்கிரும்னாரு. இறங்கட்டும், அப்புறம் டெஸ்ட்டுக்குப் போவோம்னு தள்ளிப் போட்டேன். வேற ஒண்ணுமில்ல."

நான் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னவள்.

அப்போது நானும் ஒன்று சொன்னேன். இதுவரை இந்த டைரியில்கூட எழுதாதது. மதுரையில் அந்தப் பெண் முப்பதுக்கு மேல் எடுப்பதில்லை என்று சொன்னபோது, ஒரு நொடி, எனக்கு நிம்மதியாக இருந்தது. வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். அப்பாடா என்று இருந்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த ஒரு மாதமும் ஊரில் எல்லார் மேலும் எரிந்து விழுந்திருக்கிறேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா குடுப்பேன்."

ஆட்டோ வந்தது. ஏறும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குக் கால் வலி என்பதற்காகத்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

மதுரை. தனியாகப் போனேன். ரெபேக்கா என்னைப் பார்த்ததும், "அக்கா, போன மாசமே சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க. எங்கண்ணன் நார்மல்னும் சொன்னீங்க." அண்ணனுடைய ரத்த ரிப்போர்ட்டையும் என்னுடையதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "இதுல யாரு கிட்னி உங்களுக்கு வேணும்?"

அவர் இரண்டையும் படித்தார். நல்ல பெண். முகம் மாறிவிட்டது. "எனக்குக் குடுத்திருக்கிற விதி அதுதாங்க" என்றார் மெதுவாக.

"விதி போட்டவரைப் பாக்கணும். பாக்காமப் போகமாட்டேன். எனக்கு மில்லு இன்னைக்கு லீவு."

காலை ஒன்பதரை முதல் பிற்பகல் இரண்டு வரை அந்த வராந்தாவில் உட்கார்ந்தேன். காவலாளி இரண்டு முறை வந்து, "உள்ள கேன்டீன்ல உக்காருங்கம்மா" என்றார். "இங்கதான் வசதியா இருக்கு" என்றேன். மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. இரண்டு பேர் இடத்தை நான்தான் அடைத்திருந்தேன், வேண்டுமென்றே.

கடைசியில் சிறுநீரக டாக்டர் அருள்ஜோதி கூப்பிட்டார். நரைத்த தலை, தூக்கக் கலக்கமான கண். ரிப்போர்ட்டுகளைப் படித்தார். என் முன்கையை அழுத்திப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கிறீங்க?"

"மாவு மில்லு. மூட்டை தூக்குவேன்."

"அதான பாத்தேன்." பேனாவை மூடினார். "முப்பதுங்கிறது நாங்க போட்ட கோடும்மா. அதைத் தாண்டினா நின்னு யோசிக்கணும்னு அர்த்தம். யோசிக்காமலே அனுப்பிட்டோம். மன்னிச்சுக்குங்க."

சண்டைக்கென்று நிறைய வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டால் என்ன செய்வது?

அவரே தொடர்ந்தார். "ஆனா கோடு சும்மா போடல. வயித்துல கொழுப்பு ஜாஸ்தின்னா மயக்க மருந்து, தையல், காயம் ஆறுறது எல்லாம் சிரமம். அதுக்கப்புறம் முப்பது நாப்பது வருசம் ஒரே கிட்னியோட நீங்க இருக்கணும். பத்து வருசம் கழிச்சு உங்களுக்கு சர்க்கரையோ பிரஷரோ வந்தா நான் உங்க தம்பியக் காப்பாத்தி உங்களைக் கெடுத்தவன் ஆயிருவேன். உங்களையும் நான்தான பாக்கணும்?"

என்னையும் பார்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. "என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

எல்லாப் பரிசோதனையும் செய்வார்களாம். சரியாக இருந்தால் இரண்டு மூன்று மாதம், சாப்பிட்டுக்கொண்டே, மெதுவாக இடுப்பைக் குறைக்க வேண்டும். எடை எந்திரத்தை அவ்வளவாகப் பார்க்க வேண்டாம், டேப்பைப் பார் என்றார். பட்டினி கிடந்தால் வெட்டமாட்டேன் என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

தம்பிக்கு மூச்சுத் திணறல். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு நாள் கூடுதல் இடைவெளி, அந்த ஒரு நாள்தான் எமன். காலை பத்து மணிக்குப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உதடு நீலம். மில்லை அப்படியே ஓடவிட்டு ஓடினேன். மாடியிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இரண்டு கையாலும், குழந்தையை எடுக்கிற மாதிரி. அறுபத்தேழு கிலோ. நித்திலா செருப்பில்லாமல் பின்னால் ஓடி வந்தாள்.

நுரையீரலில் தண்ணீர். அவசரமாக டயாலிசிஸ் ஏற்றி ஐந்து கிலோ எடுத்தார்கள். கண் திறந்ததும், "அக்கா, நீயா தூக்குன?" என்றான்.

"வேற யாரு?"

"ஒனக்கு மூச்சு வாங்கல."

மில்லில் ஒருவருடைய கோதுமை கருகிவிட்டது. என் கோதுமையிலிருந்து அளந்து கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பரிசோதனைகள் முடிந்தன. சர்க்கரைக் கரைசல் குடிக்க வைத்து மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் சிறுநீரை முழுக்கக் கேனில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன பதனீரா என்று கேட்டார். ஸ்கேன், இதயம், எல்லாம். இரண்டு கிட்னியும் நன்றாக இருக்கின்றன. இடது பக்கத்தை எடுப்பார்கள்.

சாப்பாடு: காலையில் இரண்டு இட்லி, சுண்டல். மதியம் சோறு பாதி, காய் இரண்டு மடங்கு, முட்டை. எண்ணெயில் பொரித்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். சாயங்காலம் கண்மாய்க் கரையில் முக்கால் மணி நேர நடை. அண்ணனும் வருகிறார், புண் மூடிவிட்டது, சர்க்கரை நூற்றைம்பதுக்கு வந்திருக்கிறது. நானும் அவரும் நடப்பதைப் பார்த்துக் கரையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். இன்று ஒருவர், "என்ன பூங்கொடி, யாருக்குக் காட்ட இளைக்கிறே?" என்றார்.

"ஒங்க சல்லடைக்கில்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியாமல் இருக்கட்டும்.

ஏப்ரல் 2, புதன்

இடுப்பு 86. எடை 75.8. மூட்டை தூக்குவதை விடவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

இடுப்பு 84. எடை 74.6. டாக்டர் அருள்ஜோதி தானே கால்குலேட்டரைத் தட்டினார். முப்பது புள்ளி ஏழு.

"இன்னும் முப்பதுக்கு மேலதான் இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். நின்னு யோசிச்சாச்சு." கையெழுத்துப் போட்டார். "ஆபரேஷனுக்கு அப்புறமும் வருசா வருசம் வந்து என்னைப் பாக்கணும். நடக்கிறதை விட்டீங்கன்னா நானே உங்க ஊரு அருப்புக்கோட்டைக்கு வந்து சத்தம் போடுவேன்."

ரெபேக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். புதிதாக ஒரு தாளைக் காட்டினார். முப்பதைத் தாண்டியவர்களை டாக்டரிடம் அனுப்பிக் கேட்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

மே 6, செவ்வாய்

அனுமதிக் குழு. நீளமான மேசை, நான்கு பேர், ஒரு வீடியோ கேமரா. யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ கிட்னி வாங்குகிறார்களா என்று பார்க்க இப்படி எல்லாரையும் கேட்பார்களாம். நித்திலா இஸ்திரி போட்டுக் கொடுத்த சேலை. அண்ணனும் தம்பியும் வெளியே.

பெயர், வயது, உறவு எல்லாம் கேட்டார்கள். கண்ணாடி போட்ட அம்மா முன்னால் குனிந்து கேட்டார்.

"நீங்களா விரும்பித்தான் தர்றீங்களா? குடும்பத்துல யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லம்மா. எல்லாரும் வேண்டாம்னுதான் சொன்னாங்க."

மேசையில் ஒருவர் தலை நிமிர்ந்தார்.

"ஆபத்து இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நானும் கேள்வி கேட்டேன்."

"பயமா இல்லியா?"

கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். "பயமா இருக்கு. எழுதிக்குங்க. பயமா இருக்குன்னு சொன்னா, குடுக்கலன்னு அர்த்தமில்ல."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மே 14, புதன்

நாளை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். மில்லைப் பூட்டிச் சாவியை மதினியிடம் கொடுத்திருக்கிறேன். தம்பி பக்கத்து வார்டிலிருந்து நர்ஸிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பினான். பத்திர எழுத்து, அழகாக இருந்தது. "அக்கா, இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம். நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

பின்பக்கம் எழுதி அனுப்பினேன். "வாயை மூடிட்டுத் தூங்குடா."

மே 18, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது. இடது பக்கம் படுக்க முடியவில்லை. மூன்று நாளாக நான் இந்த உலகத்தில் பாதிதான் இருந்தேன். இருமினால் உயிர் போகிறது.

இன்று காலை நடக்க விட்டார்கள். அண்ணன் ஒரு கையையும் நித்திலா ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்க, நானே வாரேன்" என்றேன். விடவில்லை. நானும் அதற்கு மேல் சண்டை போடவில்லை.

தம்பியைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். போய் நின்றேன். முகமூடிக்கு மேலே அவன் கண் மட்டும் தெரிந்தது. இமை வீக்கம் வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் பரபரவென்று நர்ஸிடம் ஏதோ சொன்னான். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் விடவில்லை. கெஞ்சினான்.

கடைசியில் அவள் குனிந்து, கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். பை நிறைய, வெளுத்த மஞ்சளாக, பளபளவென்று. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சொட்டு வராதவன்.

தம்பி மூன்று விரலைக் காட்டினான். நித்திலா என் காதில், "இன்னைக்கு மட்டும் மூணாவது பை அக்கா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

வராந்தாவில் போகிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். மூத்திரப் பையைப் பார்த்து ஒரு குடும்பமே கைதட்டினால் பார்க்கத்தான் செய்வார்கள். சிரிக்காதே, தையல் பிரிந்துவிடும் என்று அண்ணன் அதட்டினார். வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்க, சத்தமாகச் சிரித்தேன்.